இறக்கிவைக்கும் அடி

நெடுங்கரையில் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறை சாக வேண்டும் என்பது சட்டம். அதிகமில்லை, பதினேழு நிமிடம். காலை பத்து மணிக்குச் சங்கொலி எழும். கடைகளும் காளான் பண்ணைகளும் பனி உருக்கும் ஆலைகளும் நின்றுவிடும். அவரவர் இருந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்து, காதின் பின்புறம் செவிமணியை ஒட்டிக்கொண்டு, போர்முனையில் யாரோ ஒருவர் செத்த சாவைத் தாமும் ஒரு தடவை செத்துப் பார்ப்பார்கள். பிறகு எழுந்து முகம் கழுவி, போர் தொடரலாமா வேண்டாமா என்று வாக்களித்துவிட்டுப் பொதுக்கூடத்துக்குச் சாப்பிடப் போவார்கள். உணர்நாள் என்று அதற்குப் பெயர். அன்றைக்கு மட்டும் பாயசம் உண்டு என்பதால் பிள்ளைகள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள்.

செவ்வாயின் பெரும் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து பதினோரு தளங்களாகக் கட்டிய ஊர் அது. வடமுனைக் குடியேற்றத்தோடு பனிக்கட்டிக்காகச் சண்டை போடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பனி தன்னுடையது என்று காட்ட இரண்டு தரப்பிடமும் கட்டுக்கட்டாக ஆவணங்கள் இருந்தன. தண்ணீர்தான் இரண்டு தரப்பிடமும் போதுமான அளவு இல்லை. ஊரை நிறுவியவர்கள் விவரமானவர்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு போருக்குக் கைதூக்குகிறவனுக்குப் போர் என்றால் என்னவென்று தெரியாது, பூமி கெட்டதே அதனால்தான் என்று நம்பினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்; ஒரு சாவையாவது உணர்ந்து பார்த்துவிட்டு வாக்களிக்கட்டும் என்று சட்டம் செய்தார்கள். போர்வீரர் ஒவ்வொருவர் பிடரியிலும் ஒரு சில்லு பதிக்கப்பட்டது. உடம்பு பட்டதையும் மனம் நினைத்ததையும் அது கடைசி நொடிவரை பதிந்துகொள்ளும்.

முதல் ஆண்டு அந்தப் பதிவை அப்படியே செவிமணியில் கொடுத்தார்கள். நாற்பத்தொரு பேருக்கு இதயம் நின்றுபோயிற்று. பலர் மாதக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் போர் வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள். அது மயக்கத்தில் போட்ட வாக்கு, செல்லாது என்று ஆட்சிமன்றம் சொல்லிவிட்டது. மக்களின் உடல்நலத்தை முன்னிட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. இனிமேல் பதிவுக்குள் கவிஞர் மட்டும் இறங்குவார். தாம் பட்டதைப் பாட்டாகக் கட்டுவார். அந்தப் பாட்டையும், அதைப் பாடும்போது அவர் உடம்பில் ஓடும் உணர்ச்சியையும்தான் மக்களுக்குக் கொடுப்பார்கள். கொதிக்கிற பாலை ஆற்றிக் கொடுப்பது மாதிரிதான்.

போருணர்வுத் துறையில் இதற்கென்று மூன்று இருக்கைகள் இருந்தன. ஒரே சாவை மூன்று பேர் மூன்று விதமாகப் பாடுவார்கள். வாகை இருக்கையில் இருப்பவருக்கு அது வெற்றி. எள்ளல் இருக்கையில் இருப்பவருக்குக் கேலிக்கூத்து. கையறு இருக்கையில் இருப்பவருக்கு இழவு. எந்தப் பாட்டில் சாவது என்பதை மக்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதை மாபெரும் சுதந்திரம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு கையறு இருக்கைக்குப் புதிதாக வந்தவள் உமையாள். வயது நாற்பத்தாறு. அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஊரில் விழுந்த சாவுகளுக்கெல்லாம் இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தவள். நெடுங்கரையில் உடலை எடுப்பதற்கு முன் இரங்கற்பா படித்தாக வேண்டும். படித்து முடித்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டலாம். ஆகவே அந்தப் பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. முதலில் எல்லோரையும் வயிறு குலுங்க அழவைக்க வேண்டும். பிறகு, கடைசி அடியில், அந்தப் பாரத்தைத் தலையிலிருந்து இறக்கிவைத்து எழுந்துபோய்ச் சாப்பிட வைக்க வேண்டும். அதற்கு இறக்கிவைக்கும் அடி என்றே பெயர். அது சரியாக விழாத வீட்டில் மூன்று நாளானாலும் பெண்கள் எழுந்திருக்கமாட்டார்கள். உமையாள் எழுதினால் அரை மணியில் உலை கொதிக்கும் என்று ஊரில் பேச்சு.

அவள் இந்த இருக்கைக்கு மனுப்போட்டது பெயருக்காக இல்லை. புருஷன் செவ்வாய்ப் புழுதி நுரையீரலில் படிந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் போய்விட்டான். மிச்சமிருந்தது தெய்வானை என்று ஒரே மகள். பத்தொன்பது நிரம்பியவர்களைப் போர்முனைக்கு அனுப்புவது வழக்கம்; தெய்வானைக்கு அதற்கு இரண்டே மாதம் இருந்தது. சென்ற ஆண்டு போர் தொடரட்டும் என்றவர்கள் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேர். நூறு பேரில் மூன்று பேர் மனத்தைத் திருப்பினால் போதும், மகள் வீட்டில் இருப்பாள். இருபது ஆண்டுகளாகக் கல்நெஞ்சக்காரர்களையெல்லாம் கரைத்தவளுக்கு மூன்று பேர் ஒரு பெரிய காரியமா?

அந்த ஆண்டுக்கு எடுத்த பதிவு திரவியம் என்பவனுடையது. இருபத்திரண்டு வயது, காளான் பண்ணையில் வேலை பார்த்தவன். துறையின் பதிவறையில் உமையாள் படுத்துக் கண்ணை மூடினாள்; மூடிய கண்ணுக்குள் திரவியம் கண்ணைத் திறந்தான்.

பனிச் சுரங்கம் ஒன்றில், இடது முழங்காலில் குண்டு பட்டு, உடுப்பு கிழிந்து கிடந்தான். கிழிசல் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. உடுப்புக்குள்ளேயே மலம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த சிநேகிதன்மேல் படாமல் தன்மேல் ஏன் பட்டது என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது; அவன்மேல் பட்டிருக்கலாமே என்று நாலைந்து தடவை மனதார விரும்பினான். தன் காலுறையை அவன் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. நாட்டை நினைக்கவில்லை. தாயையும் நினைக்கவில்லை. கடைசி நான்கு நிமிடமும் ஒரே கவலைதான்: பாசறையில் அலமாரியைப் பூட்டினோமா இல்லையா. உள்ளே அரைப் பொட்டலம் கடலை மிட்டாய் இருந்தது. பூட்டினோமா. பூட்டிய மாதிரிதான் இருக்கிறது. சாவியைத் திருப்பின ஞாபகம் இருக்கிறதா என்றால்... அந்த நினைப்பின் பாதியில் பதிவு நின்றுவிட்டது.

உமையாள் எழுந்து உட்கார்ந்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே அவளுடையதாக இல்லை. காலில் கோளாறு ஒன்றுமில்லை, எல்லாக் கவிஞர்களுக்கும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொள்ளும், நாளாக ஆகப் போய்விடும் என்றார் துறை மருத்துவர். போகவில்லை. இரண்டு காலுறை போட்டுப் பார்த்தாள். குளிர் உள்ளேயிருந்து வந்தது. வீட்டு அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலடி போவாள். திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைவரை போனவள் திரும்பி வந்ததும் உண்டு. சோறு பிசையும்போதும், தலை துவட்டும்போதும் அவளுக்குள் ஒருவன் உட்கார்ந்து பூட்டினோமா, பூட்டினோமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். செத்த பிறகும் அவனுக்குக் கவலை தீரவில்லை. எதிரே தெய்வானை தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடும் நேரங்களில், இவளுக்குப் பதில் வேறு எவள்மேலாவது படட்டும் என்று ஒரு நினைப்பு ஓடும். அது திரவியத்தின் நினைப்பா, தன்னுடையதா என்று உமையாளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

எழுத உட்கார்ந்தாள். உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்தபோது பாட்டு நிற்கவேயில்லை. கடலை மிட்டாய்க்காக யார் அழுவார்கள்? மலத்தை எந்தச் சீரில் வைப்பது? பிணத்தைக் குளிப்பாட்டுவது போல ஒவ்வொன்றாகக் கழுவினாள். காலுறைச் சண்டை போயிற்று. சிநேகிதன்மேல் இருந்த ஆத்திரம் சிநேகிதனைத் தேடும் கண்ணாக மாறிற்று. அலமாரி போயிற்று, அந்த இடத்தில் ஒரு தாய் வந்து உட்கார்ந்தாள். தாய் வந்த பிறகு பாட்டு தானாகவே ஓடிற்று. கடைசியில் இப்படி முடிந்தது:

பனி பாய் விரித்தது, படுத்துக்கொண்டான்.
அம்மா என்றான்.
தலைகோதும் கை ஒன்று தேடி வந்தது.
இனி அவனுக்குக் குளிராது.

படித்துப் பார்த்தாள். அழுதாள். அன்று மதியம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். இறக்கிவைக்கும் அடி சரியாக விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

வாகை இருக்கையில் அப்போது ஐந்தாண்டுகளாக இருந்தவர் ஆவுடையப்பன். உமையாளைவிட நாலைந்து வயது மூத்தவர், பெருத்த குரல்காரர். துறையில் அவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. "வெட்டினோம், குத்தினோம், வீழ்த்தினோம் பகையினை, கட்டினோம், கொட்டினோம், காட்டினோம் கொடியினை" என்கிற ரீதியில்தான் எழுதுவார். எதுகை தவறாமல் விழும். எருமை குளத்தில் இறங்குவது போல விழும். இத்தனைக்கும் அவருடைய மூத்த மகன் முதல் ஆண்டுப் போரிலேயே செத்தவன். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு மனிதன் இப்படியும் முழங்குவானா என்று ஊரில் காறித் துப்பினார்கள். உமையாளும் மனத்துக்குள் துப்பியவள்தான்.

ஒத்திகை நடந்த அன்று, தேநீர்க் கூடத்தில் அவர் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவளுடைய பாட்டைக் கேட்டிருந்தார். குவளையைச் சுற்றிக்கொண்டே, வழக்கமில்லாத தணிந்த குரலில் பேசினார்.

"ஆச்சி, பாட்டு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் சொல்லுதேன், அந்தக் கடைசி அடிய மட்டும் எடுத்துருங்க."

உமையாள் ஏன் என்று கேட்டாள். பக்கத்து மேசையில் துறை ஊழியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன்னு கேக்காதீங்க. அவன அந்தக் குளிர்லயே விட்டுருங்க" என்றார்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. இறக்கிவைக்கும் அடி இல்லாத இரங்கற்பா, கரண்டி போட்டுக் கிளறிவிட்டு இறக்காமல் விட்ட சோறு, அடிபிடித்துப் போகும். இதை ஒரு சமையல்காரியிடம் சொன்னால்கூடப் புரியும். வெட்டினோம் குத்தினோம் என்று எழுதுகிறவர் தனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார், பொறாமை வேறென்ன என்று நினைத்தாள். வயதுக்கு மரியாதை கொடுத்து அடக்கமாகத்தான் கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க பாட்ட நான் திருத்த வந்தேனா?"

"திருத்திராதீங்க, ஆச்சி" என்று அவர் சிரித்தார். எழுந்துபோகும்போது அவர் வலது தோளை ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தாள். அது ஐந்து வருடத்துப் பதிவுகளில் எந்தச் செத்தவனுடைய தோளோ.

ஆனாலும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. மறுநாள் காலையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, கடைசி அடி இல்லாமல் பாட்டை முழுதாகப் பாடிப் பார்த்தாள். தேடி வந்த கை தலையைக் கோதியதா என்பது தெரியாமல் பாட்டு அந்தரத்தில் நின்றது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குளிர் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறிற்று. பூட்டினோமா, பூட்டினோமா என்ற குரல் காதை அடைத்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து வந்த தெய்வானை, தரையில் கிடந்த தாயைப் பார்த்துப் பதறிப்போய், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். உமையாளுக்குச் சோற்றை நினைத்தாலே குமட்டியது.

இதைப்போய் நாற்பதாயிரம் பேருக்குக் கொடுப்பதா? முதல் ஆண்டு போல இன்னும் எத்தனை பேர் எழுந்திருக்காமல் போவார்களோ? உமையாள் மனச்சாட்சியுள்ளவள். அதோடு, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், முடியாத பாட்டு ஒன்று தன் பெயரில் ஊருக்குள் போவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உமையாள் பாட்டில் இறக்கிவைக்கத் தெரியவில்லை என்று ஒரு கிழவி சொல்லிவிட்டால் போதும், இருபது வருடத்துப் பேர் போயிற்று. கடைசி அடியை மறுபடி எழுதிச் சேர்த்தாள். குளிர் முழங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டது.

உணர்நாள் அன்று கவிஞர்கள் மட்டும் விழித்திருக்கலாம். உமையாள் நாலாம் தளத்துக் கடைத்தெருவில் நடந்தாள். இரண்டு பக்கமும் பாய்கள், பாய்களில் மனிதர்கள். கறிகாய்க்காரர் தராசுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார். முடிதிருத்தும் கடையில் பாதி சவரத்தோடு ஒருவர் படுத்திருந்தார். மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. பதினாறாவது நிமிடத்தில், அம்மா என்ற இடத்தில், தெரு முழுக்க மூடிய கண்களிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீர் வழிந்தது. அடுத்த நிமிடம் கடைசி அடி. அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் காற்று அவள் முகத்தில் பட்டது. இருபது வருடத்தில் இப்படி ஒரு பாட்டு அவளுக்கு வாய்த்ததில்லை. போர் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள், அவளுக்கும் அழுகை வந்தது.

எழுந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கறிகாய்க்காரர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆறு வருடமாக வாகையும் எள்ளலும் கேட்டு மனத்தில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்ததாகவும், இன்றைக்குத்தான் நன்றாக அழுததாகவும், நெஞ்சு லேசாகிவிட்டதாகவும் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். பொதுக்கூடத்தில் பாயசம் இரண்டாம் தடவை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மூன்றாவது பந்திக்குச் சோறு பற்றாமல் மறுபடி உலை வைத்தார்களாம். வாக்குப் போட்டுவிட்டு வந்த தெய்வானை தாயைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அது அவளுடைய முதல் உணர்நாள்.

பிற்பகல் நான்கு மணிக்கு முடிவு வந்தது. போர் தொடரட்டும் என்றவர்கள் நூற்றுக்கு அறுபத்தேழு பேர்.

உமையாள் துறை இயக்குநர் மெய்யநாதனின் அறைக்குப் போகும்போது ஆவுடையப்பனைச் சபித்துக்கொண்டே போனாள். வெட்டினோம் குத்தினோம் என்று வெறியேற்றிவிட்டான் பாவி, ஜனங்கள் அதற்கு மயங்கிவிட்டார்கள் என்பதுதான் அவள் கணக்கு. மெய்யநாதன் எழுந்து நின்று வரவேற்றார். சாந்தமான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். எந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று அதில் இருந்தது.

வாகை கேட்டவர்கள் ஆறாயிரம் பேர். அவர்களில் போர் தொடரட்டும் என்றவர்கள் பத்துக்கு மூன்று. எள்ளல் கேட்டவர்கள் ஏழாயிரம்; பத்துக்கு ஐந்து. கையறு கேட்டவர்கள் இருபத்தேழாயிரம்; பத்துக்கு எட்டு.

அவள் இரண்டு தடவை படித்தாள். வரிசை மாறிவிட்டதா என்று கேட்டாள். மாறவில்லை என்றார் மெய்யநாதன். ஏன் அப்படி வாக்களித்தோம் என்று மக்கள் தாங்களே எழுதியிருந்ததையும் காட்டினார். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட பிள்ளை செத்தது வீணாகப் போய்விடக் கூடாது.

"நீங்க இதுக்கு வருத்தப்படக் கூடாதும்மா" என்றார் மெய்யநாதன். "முதல் வருஷம் எத்தன பேர் போனாங்க, ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கி ஒருத்தருக்குத் தலைவலிகூட இல்ல. எல்லாரும் நல்லா அழுதாங்க, நல்லா சாப்பிட்டாங்க. இனிமே இந்த இருக்க ஒங்களுக்குத்தான்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவரும் கையறுதான் கேட்டிருந்தார்.

தேநீர்க் கூடத்தில் ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். உமையாள் போய் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"தெரிஞ்சேதான் அப்படி எழுதுறீங்களா?"

"அஞ்சு வருஷமா" என்றார் அவர். "நல்லா எழுதணும்னு கை துடிக்கும், ஆச்சி. அடக்கிக்கிட்டு எழுதுதேன். கேக்கவனுக்குக் கூச்சமா இருக்கும். ஒரு பய சாவ வச்சிக்கிட்டு இப்படிக் கொட்டடிக்கானேன்னு அருவருப்பு வரும். சோறு எறங்காது. அந்தக் கோவத்துல வேண்டாம்னு குத்திட்டுப் போயிருவான்."

நல்ல பாட்டுக்கு ஆசைப்பட்டு மக்கள் ஆண்டுக்காண்டு தன் பக்கமிருந்து குறைந்துகொண்டே போவதையும், ஒரு வார்த்தை வெளியே போனால் தன்னை எடுத்துவிட்டு வேறொரு நல்ல கவிஞரைப் போட்டுவிடுவார்கள் என்பதையும் சொன்னார். தன் மகனுடைய பதிவு எடுக்கப்படாமல் பெட்டியில் இருக்கிறதென்றும், அது தன் கைக்கு வந்தால் கெடுத்து எழுதத் தன்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

முன்னமே என்னிடம் விவரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று உமையாள் கேட்டாள்.

"சொல்லியிருந்தா அந்த அடிய எடுத்திருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மகளை வைத்துப் பார்த்தால் ஆமாம்தான். ஆனால் தெருவே ஒன்றாகப் பெருமூச்சுவிட்ட காற்று இன்னும் அவள் முகத்தில் இருந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

வீட்டில் தெய்வானை பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் காத்திருக்கவில்லை. வாக்களித்த கையோடு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலை வண்டி. பயந்த சுபாவமுள்ள பெண் அவள், சுரங்கப்பாதையில் விளக்கு மினுங்கினால்கூட அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது முகம் தெளிந்து இருந்தது.

"இத்தன நாளும் பயந்துக்கிட்டே இருந்தேன் ஆத்தா. சாவு இப்படித்தான் இருக்கும்னா எனக்குப் பயமில்ல" என்றாள்.

உமையாள் அவளைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா என்று அவன் சொல்லவில்லை, எந்தக் கையும் வரவில்லை, அது நான் வைத்தது என்றாள். அவன் உடுப்புக்குள் இருந்த நாற்றத்தைச் சொன்னாள். சிநேகிதன் சாகட்டும் என்று அவன் விரும்பியதைச் சொன்னாள். பூட்டினோமா பூட்டினோமா என்று கேட்டுக்கொண்டே பாதியில் அறுந்துபோனான் என்றாள். இடது காலை நீட்டி, தொட்டுப் பார், இன்னும் அவனுக்குக் குளிர்கிறது என்றாள். அழகில்லாமல், முன்பின்னாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

தெய்வானை பொறுமையாகக் கேட்டாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். கால் சாதாரணமாக, வெதுவெதுப்பாக இருந்தது. தாயின் கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"கவலையில பேசுறீங்க ஆத்தா. நான் அவனாவே இருந்து பாத்தேன்ல? எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு மடித்த துணியைப் பையில் வைத்துக்கொண்டே, சந்தைக்குப் போகிறவள் எதையோ வாங்கி வரச் சொல்லுவது போல இயல்பாகச் சொன்னாள்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேற யாரையும் எழுத விட்டுறாதீங்க. நீங்கதான் எழுதணும்."

போகக் கூடாது என்று உமையாள் சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், காலைப் பிடித்தும் பார்த்தாள். தெய்வானை அவளைவிடச் சாந்தமாக இருந்தாள். கடைசியில் தலை வாரிவிடுங்கள் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் உமையாள் சீப்பை எடுத்தாள். பின்னலை மூன்றாகப் பிரித்தபோது மகளின் பிடரி தெரிந்தது. சில்லு வைக்கப்போகும் இடத்தைக் குறித்து நீல மையால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

உமையாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குள் ஓர் அடி தானாக வந்து நின்றது. வேண்டாம் என்று தலையை உதறினாள். மகள் வலிக்கிறது என்றாள். அடி போகவில்லை. சீர் பிசகாமல், எதுகை தட்டாமல் நின்றது. நன்றாகவும் இருந்தது.